சீட்டு எண் 119

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆலோசகரிடம் சொல்லாமல் விட்டது: நான்கு வாரமாக ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. காலையில் கண் திறந்ததும், திறந்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றுகிறது.

அவர் கேட்கத்தான் செய்தார். கோப்புகளை அடுக்கிக்கொண்டே, "உனக்கு எல்லாம் சரியாத்தானேம்மா போகுது?" என்றார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டார். "போகுது மேடம்" என்றேன். வாசலில் அடுத்த மாணவன் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான். அவன் ஏழு வாரம் காத்திருந்து உள்ளே வருகிறவன். அவனுக்குரிய நிமிடங்களில் நான் கை வைக்கலாமா?

இது சாக்கு. தெரியும்.

உண்மையான காரணம் விதிமுறைத் தாளில் ஆறாவது வரி. மையத்தில் ஆலோசனை பெறுகிற எவரும் அதே பருவத்தில் தன்னார்வலராக இருக்கக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் மையத்தில் தன்னார்வலராக உட்காருகிற செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் நான் தலை வாருகிறேன். அந்த இரண்டு நாளையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மார்ச் 6, வியாழன்

அம்மா தொலைபேசியில்: "உன் ஆராய்ச்சி எந்த மட்டுல இருக்கு? பெரியப்பா பாக்கறப்பல்லாம் கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"நடந்துட்டு இருக்கும்மா."

எதுவும் நடக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சிக்கு மக்கள் எழுதிய புகார்க் கடிதங்கள்தான் என் ஆய்வு. தொள்ளாயிரம் கடிதங்கள் படித்தாயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டான். முன்பின் தெரியாத அதிகாரிக்கு எவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மையத்துச் சீட்டுப் பெட்டி காலி. தலை வாரியது வீண்.

மார்ச் 9, ஞாயிறு

அறைத் தோழி இன்று என் துணியையும் சேர்த்துத் துவைத்துவிட்டாள். கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதி முழுக்க அவளுக்குக் கொத்தனார் என்றுதான் பெயர். சிமென்ட் படிந்த காலணியோடு வருவாள், சுவரைக் கண்டால் தட்டிப் பார்ப்பாள். நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா.

"ஏன்டி என் துணியெல்லாம் எடுத்த?"

"வாளியில எடம் இருந்துச்சுக்கா."

பயிற்சிக்கு முதல் குழுவோடு போகவில்லையாம், மே மாதக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாளாம். பாலம் கட்டுகிற இடத்தில் மூன்று வாரம். போன வருஷத்திலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள். ஏன் தள்ளிப்போட்டாய் என்றால், "இப்ப வெயில் அதிகம்" என்கிறாள். மே மாதத்தில் குறைந்துவிடுமா? கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் இது உண்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மையம் பழைய வேதியியல் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டு அறை. பதினாலாயிரம் மாணவர்களுக்கு ஒன்றரை ஆலோசகர். ஒருவர் முழு நேரம், இன்னொருவர் வாரம் மூன்று நாள். அதனால்தான் நாங்கள் ஆறு பேர். பத்து சனிக்கிழமை பயிற்சி கொடுத்து, கேட்பதற்கு மட்டும் உட்கார வைத்திருக்கிறார்கள். அலுவலக அண்ணன் எங்களைக் காது என்பார். "வா காது, உண்டியலைத் திறந்துட்டியா?"

உண்டியல் என்பது வாசலில் இருக்கும் மரப்பெட்டி. யாரைப் பற்றியாவது கவலையாக இருந்தால் ஒரு சீட்டு எழுதிப் போடலாம். யார், என்ன பார்த்தீர்கள், எத்தனை நாளாக, அவர் எண், விருப்பமிருந்தால் உங்கள் எண். திறக்கும் சாவி என்னிடம். ஒவ்வொரு சீட்டுக்கும் வரிசையாக எண் போட்டு, இரண்டு நாளுக்குள் மையத்துத் தொலைபேசியிலிருந்து அழைத்துப் பேசி, பதிவேட்டில் நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும். சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். வெள்ளிக்கிழமை ஆலோசகர் கையெழுத்திடுவார். பத்து, இருபது என்று பூஜ்யத்தில் முடிகிற எண்களை மட்டும் அவரே மறுபடி அழைத்துப் பார்ப்பார். எங்கள் காது சரியாகக் கேட்கிறதா என்று.

போன சீட்டு 118.

இன்று இரண்டு இருந்தன. முதலில் கைக்கு வந்தது, வேதியியல் முதலாண்டுப் பெண் மதிய இடைவேளை முழுக்கக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று தோழி எழுதியது. இரண்டாவது:

"விடுதி அறை 27, ஆராய்ச்சி படிக்கற அக்கா. புத்தகத்தைக் கையில வச்சிட்டு உக்காந்திருக்காங்க, பக்கம் திரும்பறதே இல்ல. நாப்பத்தொண்ணாம் பக்கத்துலயே மூணு வாரமா இருக்காங்க. துணி நான் சேர்த்துத் துவைச்சிடறேன், அது பிரச்சினை இல்ல. நேர்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்வாங்க. நான் சின்னவ, எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. யாராச்சும் பெரியவங்க பேசுங்க."

வரைபடத்தில் எழுதுவது போன்ற சதுர எழுத்து. செங்கல் செங்கலாக. கீழே என் எண், அதன் கீழே அவள் எண்.

வரிசைப்படி நான் 120. ஆலோசகர் அழைக்கும் எண்.

நான் என்னை 119 ஆக்கினேன். வேதியியல் பெண்ணை 120 ஆக்கினேன். எண் போடும்போது எப்போதும் போல அழகாகத்தான் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மையத்துத் தொலைபேசியில் அழைப்பும் நேரமும் பதிவாகும். அழைக்காமல் 'பேசியாயிற்று' என்று எழுத முடியாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அலுவலக அண்ணன் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். என் எண்ணையே போட்டேன். பையில் என் கைப்பேசி உறுமியது.

"உன்னுது அடிக்குது பாரு."

"பரவால்லண்ணா, அப்புறம் பாத்துக்கறேன்."

பைக்குள் கைவிட்டு எடுத்து, அழைப்பை ஏற்று, அங்கேயே சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு மையத்துத் தொலைபேசியில் பேசினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, வரி வரியாக.

"வணக்கம், மாணவர் ஆலோசனை மையத்துலேர்ந்து பேசறேன். இப்ப பேச வசதியா இருக்கா?"

இடைவெளி விட்டேன்.

"உங்க மேல அக்கறை உள்ள ஒருத்தர் உங்களைப் பத்திச் சொன்னாங்க. கடந்த ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சு?"

இடைவெளி. இங்கே அதிகமாக விட வேண்டும் என்பது பாடம். அவசரப்பட்டு நிரப்பாதீர்கள் என்பார் ஆலோசகர். நிரப்பவில்லை. கேட்டதெல்லாம் என் பைக்குள்ளிருந்து வந்த என் மூச்சு.

"தூக்கம் வருதா?" "சாப்பிட முடியுதா?" "கஷ்டமா இருக்கறப்ப பக்கத்துல யாரு இருக்காங்க?"

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.

நிலை: மாணவி நலமாக இருக்கிறார். படிப்புச் சுமை மட்டும். அடுத்து: தேவையில்லை.

வைத்த பிறகு அண்ணன் சொன்னார்: "நல்லாப் பேசினம்மா. அந்தப் பொண்ணு குடுத்துவச்சவ."

பிறகு 120-ஐ அழைத்தேன். வேதியியல் பெண் ஒரே மூச்சில், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அவ எல்லாத்தையும் பெரிசு பண்ணுவா" என்றாள். சிரித்தாள். 'நலம்' என்று எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆலோசகர் கையெழுத்திட்டார். பக்கத்தைத் திருப்பும்போது பேனா 119-ன் மேல் ஒரு கணம் நின்றது. மை வரவில்லை. உதறிவிட்டுப் போட்டார்.

சீட்டு எழுதியவர் எண் கொடுத்திருந்தால் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதையும் நான்தான் அனுப்பினேன். "உங்கள் சீட்டு எண் 119. சம்பந்தப்பட்டவரிடம் பேசினோம். அக்கறைக்கு நன்றி."

மாலையில் கொத்தனார் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் ஆரஞ்சு.

"என்னடி விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா. மலிவா குடுத்தான்."

உரித்துச் சுளை சுளையாக என் மேசையில் வைத்தாள். முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இந்த ஒரு மாதமாக அவள் முகம் எப்படி இருந்தது என்பது, அது மாறின பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

நான்கு சுளை தின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பக்கம் திருப்புகிறேன்.

அவள் அறையில் இருக்கும்போது மட்டும். மனசுக்குள் நூறு எண்ணி ஒரு பக்கம். சில சமயம் நூற்றைம்பது, சந்தேகம் வராமல் இருக்க. ஒருமுறை பின்னால் திருப்பி மறுபடி பார்ப்பதுபோலச் செய்தேன்; நன்றாகப் படிக்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள். இன்று மட்டும் அறுபது பக்கம் போயிற்று. பன்னிரண்டு வயதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலில் படித்திருக்கிறேன், பேருந்தில் நின்றபடி படித்திருக்கிறேன், அடிவாங்கிக்கொண்டு படித்திருக்கிறேன். படிப்பதுபோல நடித்தது இதுதான் முதல்முறை. வேலைதான் இதுவும். சாயங்காலம் கழுத்து வலித்தது.

"கதை எப்படிக்கா இருக்கு?"

"போகப் போக நல்லாருக்கு."

மார்ச் 18, செவ்வாய்

120-ஐ ஆலோசகர் மறுபடி அழைத்திருக்கிறார். என்னிடம் சிரித்த வேதியியல் பெண் அவரிடம் நாற்பது நிமிடம் அழுதாளாம். அன்றே வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள் இப்போது.

"உன் தப்பில்லம்மா" என்றார். "முதல் தடவை யாரும் சொல்ல மாட்டாங்க. குரல்ல ஏதோ இருந்துச்சு எனக்கு."

நான் எண்ணை மாற்றியிருக்காவிட்டால் அவள் 119. அவளை யாரும் மறுபடி அழைத்திருக்க மாட்டார்கள். என்னை அழைத்திருப்பார்கள்.

இதை நினைத்து ஆறுதல் அடையப் பார்த்தேன். ஒரு நல்லது நடந்திருக்கிறதே என்று. ஆனால் எனக்கு அந்தக் குரலில் ஏன் எதுவும் கேட்கவில்லை? 'ஒண்ணும் இல்லக்கா' என்பது எனக்கு இப்போது இயல்பான பேச்சாகத் தெரிகிறது. அப்படித்தானே எல்லோரும் பேசுகிறார்கள். ஜூலையிலிருந்து நான் அழைத்து முடித்தவை அறுபத்து மூன்று. எத்தனை பேர் இப்படிச் சிரித்தார்கள்?

மார்ச் 20, வியாழன்

கொத்தனார் முதல் குழுவுக்கே பெயரை மாற்றிவிட்டாள். ஞாயிறு கிளம்புகிறாள்.

"வெயில்?"

"தொப்பி வாங்கிட்டேன்."

போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே.

மார்ச் 23, ஞாயிறு

போய்விட்டாள். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். வண்டி ஏறும்போது, "துணி மட்டும் நீங்களே பாத்துக்கணும், ஆமா" என்றாள். மூன்று வாரம்.

அறைக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். இனி எண்ண வேண்டியதில்லை.

மார்ச் 25

போகவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். சாவியை வேறொரு காதிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். யாரும் வரவில்லை.

மார்ச் 28

போகலை.

மார்ச் 30

எழுந்திரிக்கறதுக்கு ஒரு காரணம் யோசிச்சிட்டே படுத்திருந்தேன். மத்தியானம் ஆயிடுச்சு. அப்புறம் யோசிக்கறதையும் விட்டுட்டேன்.

பக்கத்து அறையில யாரோ சிரிச்சாங்க. கோபம்கூட வரலை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பெட்டி மூன்று முறை திறக்கப்படவில்லை. உள்ளே ஏதாவது இருக்கலாம். தெரிந்தும் படுத்திருக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியுமா.

இல்லாமல் போனால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. செய்வதற்கு எதுவும் திட்டமில்லை. ஒரு பெயரை அழித்துவிட்டால் பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதுபோல.

(பயிற்சியில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் உடனே ஆலோசகரை எழுப்ப வேண்டும். எந்த நேரமானாலும்.)

ஏப்ரல் 3, வியாழன்

காலை பதினொன்றரைக்குக் கொத்தனார் அழைத்தாள். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன். பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்ல தைரியம் இல்ல, அதான் இவ்ளோ தூரம் வந்து சொல்றேன். திட்டக் கூடாது."

"சொல்லு."

"உங்க மையத்துலேர்ந்து உங்களுக்கு போன் வந்துச்சுல்ல. எழுதிப் போட்டது நான்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"கோவமா? நீங்க அங்கயே வேல செய்யறீங்க, உங்களுக்கே போட்டா அசிங்கமா இருக்குமோன்னு ரெண்டு நாள் கையிலயே வச்சிருந்தேன். ஆனா அவங்க பேசினப்புறம் நீங்க நல்லாயிட்டீங்க. மடமடன்னு படிச்சீங்க. அதப் பாத்துதான் நான் தைரியமாக் கெளம்பினேன். யாருக்கா பேசினது? பேரு சொல்லுங்க, வந்து ஒரு தாங்க்ஸ் சொல்லணும்."

அவள் நன்றி சொல்லாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"நான்தான்டி."

"என்னது?"

"பெட்டியத் திறக்கறது நான். சீட்டு எங்கிட்டதான் வந்துச்சு. நானே எழுதி மூடிட்டேன். உனக்கு மெசேஜ் அனுப்பினதும் நான்தான்."

கலவை இயந்திரம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"அப்ப உங்ககிட்ட யாருமே பேசலையா?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இதைத்தான்.

"அந்தப் பக்கமெல்லாம் படிச்சது?"

"படிக்கல."

பிறகு ஒரு குரல், தளத்தில் ஆட்களிடம் பேசுகிற குரல் போல: "எழுந்திரிங்க. செருப்பப் போடுங்க. நான் வைக்க மாட்டேன். நீங்க நடந்து போய் அந்த மேடம்கிட்ட போனைக் குடுக்கற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

"தலைகூட வாரலடி."

"யாரு பொண்ணு பாக்க வர்றாங்க? நடங்க."

நடந்தேன். கைப்பேசி காதிலேயே இருந்தது. நடுவில் ஒருமுறை, "படி எறங்கியாச்சா?" என்றாள். ஒருமுறை யாரிடமோ, "சார், அஞ்சு நிமிஷம் சார், குடும்பத்துல அவசரம்" என்றாள்.

அலுவலக அண்ணன் என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் 'காது' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி எழுந்து நின்றார். ஆலோசகர் உள்ளே இருந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். பதிவேட்டைத் திறந்து 119-ஐக் காட்டினேன். அதன் உறையைப் பிரித்து, என் எண் இருந்த சீட்டை எடுத்து அவர் முன் வைத்தேன்.

அவர் படித்தார். கைப்பேசியை வாங்கி, "நான் பாத்துக்கறேன்ம்மா, நீ வை" என்று அவளிடம் சொன்னார். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"செத்துப்போகணும்னு தோணுதா?"

"எழுந்திருக்காம இருந்தா போதும்னு தோணுது."

"எத்தனை நாளா?"

"பிப்ரவரிலேர்ந்து."

"எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

"இல்ல."

"சரி. இப்ப இங்கயே இரு. டாக்டரை வரச் சொல்றேன். வீட்டுக்குச் சொல்லணும், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க."

எல்லாம் முடிந்த பிறகு கையை நீட்டினார். "சாவி." கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. பதிவேட்டை மட்டும் மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முன்னால் திருப்பினார். இன்னொரு பக்கம். பாதிக்கு மேல் என் கையெழுத்து.

ஏப்ரல் 5, சனி

அப்பா வந்திருக்கிறார். மருத்துவமனையில் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வேலை செய்ய மூன்று வாரம் ஆகுமாம்.

அப்பாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அறையில் ஆடுகிற நாற்காலிக் காலைப் பார்த்துவிட்டு, திருப்புளி வாங்கிவந்து முடுக்கினார். பிறகு ஜன்னல் கொக்கி. பிறகு கதவு. முடுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "பெரியப்பா கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

கொத்தனார் வந்துவிட்டாள். கறுத்து, கன்னம் ஒட்டி. பெட்டியைக் கீழே வைத்தவுடன் என் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"படிக்க வரும்போது கேளுங்க. குடுக்கறேன்."

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். "பேசினோம்னு வந்த அந்த மெசேஜ நான் எங்கம்மாவுக்குக் காட்டினேன்க்கா" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டு.

மே 9, வெள்ளி

நான் மூடிய அறுபத்து மூன்று சீட்டுகளையும் ஆலோசகர்கள் மறுபடி அழைத்து முடித்துவிட்டார்களாம். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் வரிசையில் நின்றவர்களுக்கான நேரம் அது. ஆலோசகர் மறைக்காமல் சொன்னார், நான்தான் கேட்டேன்.

119-ஐத் தவிர ஐம்பத்து நான்கு நான் எழுதியபடியே. ஐந்து பேர் அப்படி இல்லை, இப்போது வருகிறார்கள். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவன் நவம்பரிலேயே படிப்பை விட்டுப் போயிருக்கிறான். 'நலம். அடுத்து: தேவையில்லை' என்று எழுதியிருந்தேன்.

எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

மே 21, புதன்

ஒரு பருவம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆய்வு வழிகாட்டி கையெழுத்திட்டு, "கடிதங்கள் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். நல்ல மனிதர். நான்தான் நான்கு மாதமாக அவரைக் கண்டால் வேறு பக்கம் நடந்தேன்.

கொஞ்சம் தூங்குகிறேன். எதையும் விரும்பவில்லை, ஆனால் காலையில் அந்த முதல் நினைப்பு தினமும் வருவதில்லை.

ஜூன் 4, புதன்

கொத்தனார் வேறு அறை கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். அவளே சொன்னாள், நின்றுகொண்டே.

"கோவம் இல்லக்கா. சத்தியமா. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நடுவுல நடுவுல முழிச்சு, நீங்க மூச்சு விடறீங்களான்னு பாக்கறேன். நீங்க நல்லாருக்கேன்னு சொன்னா நம்பத் தெரியல. பரீட்சையில ரெண்டு பேப்பர் போச்சு. எனக்கு இருபது வயசுதான் ஆவுது."

"போடி. போய்த் தூங்கு" என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, மருந்து.

ஜூன் 11, புதன்

இன்று இரண்டாம் மாடிக்குப் போனாள். மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன். மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி, இரண்டு பேரும் மெத்தையின் மேலேயே உட்கார்ந்தோம். இந்தப் படிக்கட்டைக் கட்டியவனுக்குக் கணக்கு வராது, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம் என்று திட்டினாள்.

போன வாரம் அவளும் மையத்தில் பெயர் கொடுத்திருக்கிறாள். வரிசையில் பதினொன்றாவது. ஆலோசகர் நேரம் ஒதுக்கியிருப்பது ஜூலை 24, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. நான் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன்.